எல்லாம் பச்சையாக இருந்த திரை

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. உப்புக்காற்றில் அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்த ஐந்து பழைய சர்வர்களை எடுத்துவிட்டு, ஒரே பெரிய சர்வருக்குள் ஐந்து மெய்நிகர் இயந்திரங்களாக மாற்றியிருந்தேன். வெளியே ஒரு பெட்டிதான். உள்ளே ஐந்து கணினிகள் தனித்தனியாக ஓடும். கேட் பாஸுக்கு ஒன்று, கஸ்டம்ஸ் காகிதங்களுக்கு ஒன்று, ஊழியர்களின் வருகைப்பதிவுக்கு ஒன்று, இப்படி. அந்த வேலையை யார் உதவியும் இல்லாமல் முடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். கேட்டில் லாரிகளுக்குப் பாஸ் போட்டுக்கொடுக்கும் கிளார்க் மாடியேறி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், காசிமேட்டுக்காரர்.

“பதினோரு மணி ஆனா சிஸ்டம் அப்டியே குந்திக்குது மேடம். வண்டிங்க ரோட்டு மேல லைன் கட்டிகினு கீது. டிரைவருங்க என்னாண்ட சண்டைக்கு வராங்க.”

மேனேஜரிடம் சொன்னேன். எந்த இயந்திரம் எவ்வளவு சுமை இழுக்கிறது என்று காட்டும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இரண்டு வாரம் கொடுத்தார். என் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று, விற்பனையாளர் சோதனைக்குக் கொடுத்தது. வண்ண வண்ண வரைபடம், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு விளக்கு. நிறுவ அரைமணி நேரம் போதும். மற்றொன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. எல்லாவற்றையும் நாமே எழுதி அமைக்க வேண்டும்; திரை பார்க்கவும் அழகில்லை. நான் முதலாவதைப் போட்டேன். ஒரு வாரம் பார்த்தேன். ஐந்து விளக்கும் பச்சை.

அந்தப் பச்சையை நம்பி மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினேன்: சர்வரில் குறையில்லை, கேட்டில் பதிவு செய்யும் வேகத்தைக் கவனிக்கலாம். மறுநாளே அந்தக் கிளார்க்கைக் கேட்டிலிருந்து மாற்றி யார்டுக்குள் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நிழலே இல்லாத இடம். அவருடைய நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள்.

நாலு நாள் கழித்து அவர் மறுபடி மாடியேறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் வீணாய்ப்போன கேட் பாஸ் தாள்கள். பின்பக்கமெல்லாம் பேனாவால் எழுதிய நேரங்கள்.

“இது நான் குந்திகினு இருந்தப்போ எழுதுனது. இது அந்தப் பொண்ணு குந்துனப்பறம் அதாண்ட சொல்லி எழுத வெச்சது. ரெண்டுலயும் பதினொண்ணுல இருந்து பதினொண்ணே முக்கா வரைக்கும் ஒரு பாஸுக்கு ஆறு நிமிசம், ஏழு நிமிசம். மத்த நேரம் அர நிமிசம்தான்.”

தாள்களை வாங்கி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

“எனக்காகச் சொல்லல மேடம். நாளைக்கு அந்தப் பொண்ணையும் ஸ்லோன்னு சொல்லிடப் போறாங்க. அதுக்குத்தான்.”

அவர் கீழே போன பிறகு அந்த மென்பொருளின் கையேட்டை எடுத்தேன். விற்பனையாளரின் கருவி என்ன பார்க்கிறது என்பதையே நான் அதுவரை சரியாகப் படித்திருக்கவில்லை. அது ஒவ்வோர் இயந்திரத்தின் உள்ளேயிருந்து பிராசஸரையும் மெமரியையும் மட்டும் பார்த்தது. எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஒவ்வொரு வீட்டிலும் குழாய் நன்றாகத்தான் இருக்கும். மொட்டைமாடித் தொட்டியை யார் காலி செய்கிறார்கள் என்பது வீட்டுக்குள்ளிருந்து தெரியாது. அதுபோலத்தான் இதுவும். ஐந்துக்கும் பொதுவான டிஸ்க்கை அது பார்க்கவே இல்லை.

இலவசக் கருவியை இரண்டு நாள் முட்டிமோதி அமைத்து, பெரிய சர்வரின் பக்கமிருந்து டிஸ்க்கைப் பார்க்கவைத்தேன். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கோடு செங்குத்தாக ஏறியது. ஐந்து இயந்திரங்களிலும் ஒரே நேரத்தில் வைரஸ் ஸ்கேன். முதலில் வருகைப்பதிவு இயந்திரத்தை உருவாக்கி, அது சும்மா இருக்கும் நேரமென்று பதினோரு மணிக்கு ஸ்கேன் வைத்தவள் நான். அதையே நகலெடுத்து மற்ற நாலையும் உண்டாக்கியவளும் நான். அந்த நேரமும் கூடவே நகலாகிப் போயிருந்தது.

ஸ்கேன் நேரங்களைப் பிரித்து வைத்துவிட்டு மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டினார். பிறகு, “அந்த ஆளைக் கேட்டுக்கே திரும்பி வரச்சொல்” என்றார்.

அதைச் சொல்ல யார்டுக்கு நானே போனேன். ஆபீசில் நான் பார்த்துப் பார்த்துப் பேசுகிற தமிழ் அன்றைக்கு வாயில் வரவில்லை. “தப்பு எம்மேலதான்ணா. மெசின நான்தான் அப்டி வெச்சிருந்தேன். உங்க மேல பழிய போட்டுட்டேன்” என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “வியாசர்பாடியா நீ? சொல்லவே இல்ல பாரு” என்றார். பிறகு, “வுடும்மா. வண்டி நவுருதில்ல?”

“நவுருதுண்ணா.”

“அப்பறம் இன்னா.”

அந்தத் தாள்களை அவர் நேரே மேனேஜரிடம் கொண்டுபோயிருந்தால் அந்த வாரமே என் வேலை போயிருக்கும். என் மேல் கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தும், முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார்.

இலவசக் கருவியையே வைத்துக்கொண்டோம். அதில் நமக்கு வேண்டிய அளவீட்டை நாமே சேர்த்துக்கொள்ளலாம். திரையின் முதல் வரியில் பிராசஸரையோ மெமரியையோ வைக்காமல், ஒரு கேட் பாஸ் வெளியே வர எத்தனை விநாடி ஆகிறது என்பதை வைத்தேன். அதற்குப் பிறகு வேறு ஊர்களில் எவ்வளவோ பெரிய சர்வர்களுக்குக் கருவி தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கே போனாலும் முதல் நாள், அந்தக் கணினிகளுக்காகக் காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அந்தப் பழக்கம் எனக்கு வந்தது அவரால்தான்.