ஏற்காட்டில் லோர்னா உட்காரவில்லை

போன ஜனவரியில் இரண்டு நாள் ஏற்காடு போய்விட்டு வந்தேன். ஏற்காட்டுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கேட்டு எனக்கு வரும் மின்னஞ்சல்களுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் தடவை நான் ஏரியில் படகு விடப் போகவில்லை, சண்டைக்குப் போனேன். அதை விட்டுவிட்டு வெறும் வழித்தடம் மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. வழித்தடமும் உண்டு, பொறுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக: நான் சேலத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டர். படித்தது பிலிப்பைன்ஸின் தெற்கே உள்ள தவாவ் நகரத்தில். பாடப்புத்தகம் முழுக்க ஆங்கிலம். வார்டுக்குப் போனால் நோயாளிகள் பேசுவது பிசாயா. முதல் நாள் ஒரு மீன்காரரிடம் எங்கே வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பின்னால் நின்ற நர்ஸ், "ஆசா டாபிட் ஆங் சாகிட்?" என்று அதே கேள்வியை பிசாயாவில் கேட்டார். அவ்வளவுதான், வலித்த இடம், வலிக்க ஆரம்பித்த நேரம், மருமகன் செய்த துரோகம் வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. அந்த நர்ஸ்தான் லோர்னா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று சாயங்காலமே அவரிடம் பிசாயா கற்கத் தொடங்கினேன். அவர் கவிதை எழுதுகிறவர் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

லோர்னா எழுதுவது பாலிதாவ். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, ஒருவர் கேட்க மற்றவர் பதில் கட்டிப் பாடுவது. நம் எசப்பாட்டேதான், சந்தேகமே இல்லை. லோர்னாவின் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டவர் பதில் வரும்வரை உட்காரக் கூடாது. பதில் கட்டத் தெரியாதவர் தோற்றார். இந்த வழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் மொழிபெயர்ப்பாளர் கூட்டம் என்று அழைப்பு வந்தது. பிலிப்பைன்ஸ் இலக்கியத்தைத் தமிழில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறார்கள். லோர்னாவின் பாலிதாவ் ஒன்றை நான் பிசாயாவிலிருந்து நேராகத் தமிழாக்கி அனுப்பியிருந்தேன். அவரையே வந்து பாடச் சொன்னார்கள். சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு, சொந்தச் செலவில் சென்னை வந்து இறங்கி, இரவு ரயிலில் சேலம் வந்துவிட்டார். அவருடைய பாட்டு ஒரு புத்தகத்தில் இலக்கியம் என்ற பெயரோடு வருவது அதுதான் முதல் தடவை. ஊரில் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்கெல்லாம் மேலே இருக்கலாம். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவதில் லோர்னா இஞ்சி மிட்டாய் கேட்டார், பன்னிரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டார், பதினைந்தாவதில் பிசாயாவில் ஏதேதோ புனிதர்களைக் கூப்பிட்டார். மேலே இறங்கியதும் பனி. காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் வழியெல்லாம் சாக்கு ஏற்றிய வண்டிகள். "எங்கள் ஊர் மலையும் இப்படித்தான் மணக்கும், டை" என்றார். டை என்றால் தங்கச்சி மாதிரி.

பங்களா அருமை. ஓடு போட்ட நீளக் கட்டடம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, நல்ல சாப்பாடு. அதில் எல்லாம் குறை சொல்ல மாட்டேன். பிற்பகல் முதல் அமர்வில் தொகுப்பாசிரியர் பேசினார். ஓய்வுபெற்ற பேராசிரியர், நிறையப் படித்தவர், குரலைக்கூட உயர்த்தாதவர். பிலிப்பைன்ஸ் இலக்கிய வரலாற்றை வரிசையாகச் சொன்னார். முந்நூறு வருடத்துக்கு மேல் ஸ்பானிய ஆட்சி, அதன் கடைசியில் ஸ்பானிய மொழியில் நாவல்கள். அப்புறம் அமெரிக்கர்கள் வந்து பள்ளிக்கூடம் திறந்தார்கள், ஆங்கிலத்தில் சிறுகதைகள். அப்புறம் மணிலா பக்கத்துத் தாகாலோக் மொழியை வைத்து உருவான தேசிய மொழி, அதில் புதிய எழுத்து. "மற்றதெல்லாம் வட்டார வழக்கு. வாய்மொழி மரபு" என்று முடித்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்பானியர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பே அந்தத் தீவுகளில் மூங்கிலிலும் ஓலையிலும் எழுத்து இருந்தது. பாதிரியார்கள் அந்த மக்களுடைய மொழிகளைக் கற்று அதிலேயே ஜெபப்புத்தகம் அச்சிட்டார்கள், ஏனென்றால் சாமானிய ஜனம் கேட்டது அதில்தான். அமெரிக்கர்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அதே காலத்தில் செபு தீவுப் பத்திரிகைகளில் பிசாயா நாவல்கள் வாராவாரம் வந்தன. இலோகானோ, ஹிலிகாய்னோன், பிகோல் என்று மற்ற மொழிகளிலும் எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள தேசம் அது. அதில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வழக்கு என்று ஒதுக்குவது வரலாறா? எழுந்து கேட்டேன்.

"சார், தமிழையும் கன்னடத்தையும் தெலுங்கையும் இந்தியோட வட்டார வழக்குன்னு யாராவது மேடையில சொன்னா, நாம உக்காந்து கேப்போமா?"

"டாக்டர், உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார். "உங்க நண்பரோட பாட்டை நாங்க விடலை. ராத்திரி தீமூட்டற நிகழ்ச்சியில பாடட்டும். எல்லாரும் ரசிப்பாங்க. தொகுப்புக்கு ஆங்கில வடிவம் ஒண்ணு குடுங்க, அதை வெச்சு நீங்க தமிழ் பண்ணுங்க. ஆங்கிலம் இல்லாம நாங்க எப்படிச் சரிபார்க்கறது?"

அவர் சொன்னதை அங்கேயே லோர்னாவுக்குப் பிசாயாவில் சொன்னேன். சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை, வார்டில் அவரோடு வேலை பார்த்த எனக்குத் தெரியும். "ஆங்கிலத்தில் நான் தினமும் எழுதுகிறேன், டை. இத்தனை மணிக்கு இத்தனை காய்ச்சல் என்று. பாட்டை அதில் எழுத நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனா? நெருப்பு பக்கத்தில் பாட மாட்டேன். நாளை பதினோரு மணிக்கு, இதே அறையில், இதே மைக்கில் பாடுகிறேன்." நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன், கொஞ்சம்கூட இனிப்புச் சேர்க்காமல். அறையில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். "சரி, பத்து நிமிஷம்" என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் சேர்வராயன் கோயிலுக்கு ஜீப். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் பனியில் நடக்க வேண்டாம். டிரைவர் முருகேசன், மலையிலேயே உள்ள வாழவந்தி கிராமத்துக்காரர். மலை உச்சியில் வெட்டவெளி, அதில் குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஈரமான பாறைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். லோர்னா வெகுநேரம் உள்ளேயே நின்றார். வெளியே வந்ததும் காற்றில் நின்றபடி பாட்டைப் பழக ஆரம்பித்தார். ஆண் குரலுக்கு வழக்கமாக அவருடைய தம்பி பாடுவார். தம்பிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பாதிப் பாட்டோடு எப்படி மேடை ஏறுவது என்று எனக்குக் கவலை.

முருகேசன் டீ டம்ளரோடு கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, அந்தக்கா யாரையோ கேள்வி கேட்டுப் பாடறாங்க போல இருக்குதுங்களே? பதில் பாட ஆள் வேணுமுங்களே?"

"பாஷை புரியாம எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"பாடிப்போட்டு மொகத்தைத் தூக்கிட்டு நிக்கறாங்கல்லங்க. எங்கூட்டுக்காரியும் இப்படித்தானுங்க. பழம் பறிக்கையில ஒரு வரி எடுத்து உட்டுப்போட்டு, கையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிப்பா. நொம்ப வெவகாரமான ஆளுங்க."

ஜீப் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் லோர்னா மறுபடி அந்த வரியை எடுத்தார். முருகேசன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே எடுத்து விட்டார்:

"கொண்டயூசி வளவெல்லாம் கொமட்டாம ஏறிவந்தே,
ஒம்மனசு வளவுக்குள்ள ஒருத்தனுக்கும் வழியில்லயா?"

லோர்னா குமட்டாமல் ஏறியதாக அவரே கற்பனை செய்துகொண்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை. அர்த்தம் கேட்டு லோர்னா சீட்டிலிருந்து நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார்.

பதினோரு மணி. அறை நிறைந்திருந்தது. ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் முருகேசன் எங்கள் பைகளோடு வாசலில் நின்றார். லோர்னா மைக்கின் முன்னால் போய் நின்று, அறையைப் பார்க்காமல் முன்வரிசையில் இருந்த பேராசிரியரை மட்டும் பார்த்துப் பாடினார்:

"ஙானோங் மிஹிலோம் கா, டோங்?
நாங்குதானா கோ, துபாகா கோ."

டோங் என்றால் தம்பி. எழுபது வயதுப் பேராசிரியரைத் தம்பி என்கிறார். நான் மைக்கில் தமிழைச் சொன்னேன்: "ஏன் வாயடைச்சுப் போனே, தம்பி? கேட்டவ நிக்கறேன், பதில் சொல்லு." கூடவே அந்த ஊர் வழக்கத்தையும் சொன்னேன்: பதில் வரும்வரை இவர் உட்கார மாட்டார். சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

பேராசிரியர் புன்னகைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வாசகரைக் கூப்பிடலாமா?" என்றார். லோர்னா நகரவில்லை. மறுபடி அதே இரண்டு வரி. அடுத்து வாசிக்க வேண்டியவர் எழுந்து வந்து, லோர்னாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். லோர்னா மூன்றாவது முறையும் பாடினார். கடல் தாண்டி வந்து இப்படித் தனியாக நிற்கிறாரே என்று எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நான் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில்கூட வாயை மட்டும் அசைக்கிற ஆள். அப்படியே எழுந்து நின்று, முருகேசனின் வரியைப் பாடினேன். முதல் வரி ஒரு சுருதி, இரண்டாவது வேறு சுருதி.

வாசலிலிருந்து, "எசையத் தூக்குங்க டாக்டரம்மா!" என்று சத்தம் வந்தது. அறை சிரித்தது. நான் தூக்கினேன். லோர்னா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதில் கட்டினார், அந்த இடத்திலேயே, புதிதாக. வழி இருக்கிறது, கதவும் இருக்கிறது, தட்டுகிறவன் என் மொழியில் தட்டட்டும் என்று அர்த்தம். அதற்கு வாசலிலிருந்து முருகேசன் ஒன்று விட்டார். அதற்கு லோர்னா. நான் மொழிபெயர்ப்பதையே மறந்துபோனேன், யாரும் கேட்கவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பேராசிரியர் எங்களிடம் வந்து கைகொடுத்தார். "நல்ல பொழுதுபோக்கு. பின்னிணைப்புல, நாட்டார் பாடல்னு போட்டுடலாம். ஆங்கில வடிவம் மட்டும் அனுப்பிடுங்க."

நான் லோர்னாவைப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவர். அவர் முகத்தில் அந்தப் புத்தகத்தின் ஆசை இன்னும் இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் "டிலி" என்றார்.

"அப்படின்னா?" என்றார் பேராசிரியர்.

"மாட்டோம்னு அர்த்தம், சார்."

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. தொகுப்பில் லோர்னாவும் இல்லை, நானும் இல்லை. எனக்கு வருத்தம்தான். லோர்னா போனில், "அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றார். ஆனால் அன்று பின்னிணைப்புக்குச் சரி என்று சொல்லியிருந்தால், என் ஆங்கிலத்துக்கு அந்த மீன்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததுதான் சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். மாட்டேன்.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் ஸ்வெட்டர் அவசியம், காலைப் பனிக்குத் தலையையும் மூடிக்கொள்ளுங்கள். வயிறு ஒத்துழைக்காதவர்கள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். கோயிலுக்கு விடிந்ததும் போனால் கூட்டம் இருக்காது. ஜீப்புக்கு அரை நாள் வாடகையை முன்னாடியே பேசிவிடுங்கள், நாங்கள் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தோம். வார இறுதியில் மாலை பஸ் நிரம்பி வழியும், நான்கு மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. காப்பித்தூள் வாங்குவதானால் அறுவடைக் காலத்தில் வாங்குங்கள்.

புத்தகத்தில் வராத பாலிதாவ் முழுவதும் இந்தப் பதிவுக்குக் கீழே இருக்கிறது. முதலில் பிசாயா, பக்கத்தில் தமிழ். லோர்னாவின் அம்மா ஏற்கெனவே படித்துவிட்டார். ஆங்கில வடிவம் கிடையாது. சரிபார்க்க வேண்டும் என்கிறவர்கள் பிசாயா கற்றுக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சொல்லித் தருகிறேன். பேராசிரியர் வந்தால் அவருக்கும்.