பிரிக்காத சோப்புகள்

அக்கா ஒரு நட்சத்திர ஹோட்டலில் பத்தொன்பது வருடம் அறை சுத்தம் செய்தவர். மூன்றாம் மாடி முழுக்க அவர் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான். எங்கள் குழுவில் எல்லோரும் அக்கா, அக்கா என்றதால் எனக்கும் அக்காவாகிவிட்டார்.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஏழெட்டுப் பேர். ஞாயிறு காலையில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் கூடுவோம். பயணிகள் தொடாமல் விட்டுப்போன உறை பிரிக்காத சோப்பு, விரல் நீளப் பற்பசை, சீப்பு, விமானத்தில் தரும் காலுறை எல்லாவற்றையும் தரம் பிரித்துப் பைகளில் போடுவோம். அவை ஆஸ்பத்திரி வார்டுகளுக்கும் வீடில்லாதவர்கள் தங்கும் இடத்துக்கும் போகும். நான் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே ஹோட்டல், விமான ஆட்களோடு ஏற்பட்ட பழக்கத்தில் சாமான் சேகரிப்பது என் வேலை.

அந்த ஹோட்டலின் பின்வாசலில்தான் அக்காவை முதலில் பார்த்தேன். ஒரு வாளி சோப்பைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"புதுசா இருக்கே, ஏம்மா கொட்டுறீங்க?"

"ஆள் காலி பண்ணிட்டா, அறையில வச்சது எதையும் மறுபடி வைக்கக் கூடாது சார். தொட்டாலும் குப்பை, தொடலைன்னாலும் குப்பை. எனக்கே மனசு கேக்கல."

எங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டது நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டார். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். "குப்பைக்குப் போறதுதானடி, தாராளமா எடுத்துட்டுப் போ" என்றாராம் அவர். வாய்வார்த்தைதான்.

சாமானைக் கொடுத்துவிட்டுப் போகாமல் அக்காவும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "இது பிரிச்சு ஒட்டின உறை. இதக் குடுத்தா வாங்குறவங்களுக்கு மனசு கஷ்டப்படும்" என்று ஒதுக்கி வைப்பார். சிரிக்கவும் வைப்பார். "ஒரு ஆளு நாலு நாள் பல்லே வெளக்காம தங்கிட்டுப் போனாரு. அவர் புண்ணியத்துல நாலு பிரஷ்!"

ஒரு ஞாயிறு வெறுங்கையோடு வந்தார். "இப்ப சுவத்துலயே அமுக்குனா சோப்பு வர்ற டப்பா மாட்டிட்டாங்க சார். இனிமே மிச்சம் வராது." நாங்கள் நம்பினோம். வழக்கம்போல உட்கார்ந்து வேலை செய்தார். அடுத்தடுத்த வாரங்களில் இளைத்துக்கொண்டே போனார். கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்பார்.

நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குப் பை கொடுக்கப் போனோம். நர்ஸ் சொன்னார், "அந்த ஜன்னலோர பெட்டுக்கும் ஒண்ணு குடுங்க சார். அவர் சம்சாரத்துக்கு வேலையும் போயிடுச்சாம்."

அங்கே அக்கா தரையில் உட்கார்ந்து, கணவரின் காலை ஒரு கிழிந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்திருந்தது, பேச்சும் இல்லை. என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். பையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல "ரொம்ப நன்றிங்க" என்றார்.

பிறகு நடைவழியில் எல்லாவற்றையும் சொன்னார். புது மேனேஜர் வந்ததும் வாசலில் பைகளைச் சோதித்திருக்கிறார்கள். அக்காவின் பையிலிருந்த பதினொரு சோப்பையும் இரண்டு சீப்பையும் மேஜையில் பரப்பி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "அப்படி நான் சொன்னதா ஞாபகம் இல்ல சார்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே அக்காவுக்குக் கணக்கு முடித்தார்கள். கடிதத்தில் திருட்டு என்று எழுதியிருந்ததால் வேறெந்த ஹோட்டலிலும் சேர்க்கவில்லை.

"அவளுக்கும் ரெண்டு புள்ளைங்க சார். அவதான் என்ன பண்ணுவா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை ஏம்மா சொல்லல?"

"நான் திருடி இல்லங்கற இடம் நம்ம குழு ஒண்ணுதான் சார் இருந்துச்சு. அதையும் எதுக்குக் கெடுத்துக்கணும்?"

மறுநாள் ஹோட்டலுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்காரச் சொன்னார். "எடுத்துக்கச் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை. திரும்பும்போது லிஃப்ட் அருகே சூப்பர்வைசர் நின்றிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் வெளுத்துப்போய், கதவு திறந்தவுடன் உள்ளே நுழைந்துவிட்டார்.

அதிலிருந்து பதினோராம் நாள் அக்காவின் கணவர் இறந்துபோனார்.

இப்போதெல்லாம் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. எழுதித்தரப் பலரும் தயங்குவதால் பைகள் பாதியாகக் குறைந்துவிட்டன. அக்கா ஒரு சலவைக்கடையில் போர்வை துவைக்கிறார். குழுவுக்கு வருவதில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பாவம்னு பார்ப்பாங்க சார். அது வேணாம்."

"அப்படி யாரும் பார்க்க மாட்டாங்க."

"நீங்களே இப்ப அப்படித்தானே பார்க்குறீங்க."

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.