பொண்டாட்டி என்றாராம்

இன்று குன்னூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நான்கு ஆண்டுகள் என்னோடு சேர்ந்து வாழ்ந்தவருக்கு இப்போது கோத்தகிரியில் வேறொரு காதலி. ஆனாலும் என் வாடகை வீட்டை விட்டுப் போக மாட்டாராம்.

“அடிதடி, மிரட்டல் ஏதாச்சுங்களா?”

“இல்லைங்க. காலையில எனக்கும் சேர்த்து டீ போடுறாரு.”

வக்கீலின் முகம் வாடியது. “அப்பக் கொஞ்சம் நாளாகும். மொதல்ல நோட்டீஸ், அப்புறம் கேஸ். பூட்டை மட்டும் மாத்தீராதீங்க. அவரு உங்க ஊட்டுக்காரரு இல்லைன்னு ஓனரம்மா சொன்னா நமக்குப் பலம்.”

சிக்கல் அங்கேதான். கல்யாணமாகாதவர்களுக்கு ஜெகதளாவில் வீடு கிடைக்காது என்று, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு “என் கணவர்” என்று பொய் சொன்னவள் நான். கல்யாணம் வெறும் காகிதம் என்பது அவர் கொள்கை. அதனால் அன்று வாய் திறக்காமல் நின்றார்.

திரும்பியதும் ஓனரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“கோவத்துல இப்படியெல்லாம் பேசலாமுங்களா கண்ணு? தம்பி காலைலயே வந்து அழுதுட்டுப் போச்சு. ‘அவ எம் பொண்டாட்டிங்க, அவளை உட்டுட்டு எங்க போவேன்’னு.”

நான்கு ஆண்டுகளில் அந்தச் சொல்லை அவர் சொன்னது இதுவே முதல்முறை.

வாழ்த்துகளைக் கமெண்டில் தெரிவிக்கலாம். மொய்யாக, காலியாக இருக்கும் ஓர் அறையின் முகவரி போதும். அவருக்குத்தான்.