முன்னால் போகிறவனை நம்பாதே

தாத்தா போரிலிருந்து லாரியோடு ஓடிப்போனவர் என்ற வதந்தி, அவருடைய பேத்தி நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்குக் காரில்தான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவருக்கு, கிளச்சை மட்டும் மெதுவாக விடத் தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சலூன்ல பேசிக்கிட்டாங்க. உங்க தாத்தா சண்டையில லாரியோட ஓடிட்டாராமே?"

"பிரேக்கை மிதிங்க," என்றாள் அவள்.

பல் டாக்டர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருந்ததால் தபால் பெட்டி பிழைத்தது.

ஸ்கூல் சுவரில் தாத்தா ராணுவ உடுப்பில் மீசையோடு தொங்கிக்கொண்டிருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு ஒரே ஒரு வியாதி. முன்னால் எந்த வண்டி போனாலும் பொறுக்காது. ஒன்று, ஒரு வீடு கட்டுகிற அளவு இடம் விட்டுப் பின்னால் வருவார், இல்லையென்றால் முந்திவிடுவார். ஒருமுறை சவ ஊர்வலத்தில் பிணம் ஏற்றிய வண்டியையே முந்திக்கொண்டு போய், மயானத்து வாசலில் அதற்காகக் காத்திருந்தார். 'முன்னால் போகிறவனை நம்பாதே' என்று ஸ்கூல் காரின் முதுகில் எழுதிவைத்தவரும் அவரே. ஊர் அதை அரசியல் என்று நினைத்து இரண்டு தேர்தல்களில் கைதட்டியது. பேத்தி தத்துவம் என்று நினைத்தாள்.

வதந்தி வேறு நாளில் வந்திருந்தால் துடைத்துப் போட்டிருப்பாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, முன்னாள் படைவீரர் மன்றத்தில் போருக்குப் போனவர்களின் படங்களை மாட்டப் போகிறார்கள். அவள் வீட்டிலிருந்து மூன்று பேர்: லாரி ஓட்டிய தாத்தா, அவர் பின்னால் இன்னொரு லாரி ஓட்டிய தம்பி, ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தங்கை. மூன்று ஆணிகளும் அடித்தாகிவிட்டது. அன்று மாலையே மன்றத்துச் செயலாளர் போன் செய்தார். காதைத் தீட்டி வைத்திருப்பவர், சலூனும் அவருக்கு அதே சலூன்.

"ரெண்டு ஆணிக்குப் படம் இருக்கும்மா. மூணாவதுக்கு, நல்லா விசாரிச்சுட்டு வா. ஓடிப்போனவர் படத்தை நான் எப்படிம்மா மாட்டறது?"

தாத்தா சாகும்வரை வாரம் தவறாமல் கேரம் ஆடிய மன்றம் அது. அங்கே வெறும் ஆணி மட்டும் நின்றால், வருகிறவன் போகிறவனெல்லாம் அதைப் படித்துக்கொள்வான். அவள் சாவியை எடுத்தாள்.

தாத்தாவின் தம்பியான சின்னத் தாத்தாவும், ஊரே 'நர்ஸ் அத்தை' என்று கூப்பிடும் தங்கையும் மாடி வீட்டில் ஒன்றாக இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியும் யார் சொல்வதை யார் கேட்பது என்ற தகராறு தீரவில்லை.

"சின்னத் தாத்தா, சலூன்ல என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். எல்லா லாரியும் முன்னாடி போச்சு, எங்கண்ணன் பின்னாடி போனார்னு. மிச்சத்தை முடிவெட்டறவன் சேத்துக்கிட்டான். அப்புறம் உயிரோட இருக்கறவனை ஆணியில மாட்டறாங்களாமே, அதை முதல்ல கேளு."

"உன்னை மாட்டினா ஆணி தாங்காதுடா," என்றாள் நர்ஸ் அத்தை, கட்டிலில் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. போரில் இரவில் விளக்குப் போடக் கூடாது. லாரியின் பின் அச்சில் இருக்கும் உருண்டைக்கு வெள்ளையடித்து, அதன்மேல் மட்டும் படும்படி ஒரு குட்டி பல்பு மாட்டியிருப்பார்கள். பின்னால் வருகிறவன் அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்தே ஓட்ட வேண்டும். வேறெதையும் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு.

"ஒரு இடத்துல நிறுத்தினாங்க. அண்ணன் கண்ணசந்துட்டார். முன்னாடி இருந்த வண்டிங்க கிளம்பிருச்சு. முழிச்சுப் பாத்தா ஒரு வெள்ளை உருண்டை போகுது. பிடிச்சுக்கிட்டார். அது அழுக்குத்துணி லாரிம்மா. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகுது. அண்ணன் உருண்டையை நான் பிடிச்சேன், எனக்குப் பின்னாடி மத்தவங்க."

"துணி லாரிக்காரருக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. எதிரி துரத்தறான்னு நினைச்சு மிதிச்சான். அவன் மிதிச்சான்னு நாங்களும் மிதிச்சோம்."

விடிந்தபோது நர்ஸ் அத்தை ஆஸ்பத்திரி முற்றத்தில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கொடிகளுக்கு நடுவே ஒரு படையே வந்து நின்றது. துணி லாரிக்கு அடுத்த லாரியிலிருந்து அண்ணன் இறங்கி, "இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

"லாரி பூரா கம்பளி," என்றாள் அத்தை. "எங்க வார்டுல ஆளுங்க நடுங்கிட்டுக் கெடந்தாங்க. ஆபீசர் வர்றதுக்குள்ள முக்கால்வாசி இறக்கிட்டேன். குணமானதும் திருப்பித் தர்றேன்னு சொன்னேன்."

"குடுத்தீங்களா?"

"எல்லாம் குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி," என்று அத்தை கம்பளியைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டாள்.

ஞாயிறன்று மன்றத்தில் பேத்தி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழகாக ஒரு பொய் சொல்ல வழியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு உதவத்தான் போனார் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அத்தை பக்கத்தில் இருந்தாள்.

"ஓடலை சார். தூங்கிட்டார்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

செயலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கம்பளி வரும் வரும்னு மலை மேல உக்காந்திருந்தது நாங்கதாம்மா. ஒரு கோட்டுக்குள்ள ரெண்டு பேரு. இப்பக்கூட மழை வர்றதை இந்த முட்டிதான் முதல்ல சொல்லும். இத்தனை வருஷம் எதிர்ல உக்காந்து கேரம் ஆடினாரே, ஒரு வார்த்தை சொல்லலையே." சட்டென்று அவர் முகம் மாறியது. "கூட்டத்துல யார்கிட்டயும் தோக்காதவர், எங்கிட்ட மட்டும் தோத்துக்கிட்டே இருந்தார். நான் நல்லா ஆடறேன்னுல்ல நினைச்சேன்."

"மலையைப் பத்தி அவர்கிட்ட சொன்னீங்களா?"

"முதல் நாளே சொன்னேன்."

கூட வந்திருந்த சின்னத் தாத்தா வாய்க்குள் சிரித்தார். செயலாளர் படத்தை வாங்கி, சட்டையாலேயே கண்ணாடியைத் துடைத்து மூன்றாவது ஆணியில் மாட்டினார். மற்ற இருவர் படத்தையும்விட அது கொஞ்சம் பின்தள்ளி, இடம் விட்டே தொங்கியது. ஆணி அடித்தவனுக்கு யார் சொன்னார்களோ.

"சரி, தூங்கினவரை மன்னிச்சாச்சு," என்று செயலாளர் நர்ஸ் அத்தை பக்கம் திரும்பினார். "என் கம்பளி?"

"துவைச்சுப் போட்டிருக்கேன்," என்றாள் அத்தை. "காஞ்சதும் தர்றேன்."

இரண்டு கோடைகள் கழிந்துவிட்டன. அது இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.