ஆத்தூர்த் தண்ணி

அக்கா தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில், சிறுநீரில் கிருமி என்று காய்ச்சலோடு படுத்திருந்தாள். நிறையத் தண்ணீர் உள்ளே போனால்தான் காய்ச்சல் இறங்கும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவளோ கேன் தண்ணீரை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மருந்து வாடை அடிக்குதுடி. எங்கூர்த் தண்ணி கொண்டா, குடிக்கிறேன்.”

அவள் வாக்கப்பட்டது ஆத்தூரில், அணைக்குப் பக்கத்தில். நான் வந்து விழுந்தது திண்டுக்கல்லில். அந்தக் காலத்தில் இங்கே குழாயில் தண்ணீர் வருகிற நாளில் கல்யாணத்துக்கும் போக மாட்டோம், கருமாதிக்கும் போக மாட்டோம். அண்டா குண்டாவிலிருந்து பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் வரைக்கும் ரொப்பி வைப்போம். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பூவும் பழமும் வாங்கி வந்தால் எங்களுக்கு முகம் மலராது. தண்ணீர் கொண்டு வர வேண்டும்.

கோடை முழுக்க அக்கா கொண்டு வந்தாள். கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, சேலை நனைய வந்து இறங்குவாள். என் மாமியார் அதைத் தனிப் பானையில் ஊற்றி மூடி வைப்பார். “ஆத்தூருத் தண்ணின்னா ஆத்தூருத் தண்ணிதான். பருப்பு எம்புட்டு வெரசா வேகுது பாரு” என்பார். அந்தக் கேன் வந்த நாளில் மட்டும் எனக்கு அவரிடம் திட்டு கிடையாது.

இப்போது என் முறை. அக்கா மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான், வேறு ஆள் இல்லை. காலிக் கேனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆத்தூர் பஸ் பிதுங்கி வழிந்தபடி வந்தது. படியில் காலைத் தூக்கி வைத்தேன், முட்டி கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸும் அப்படித்தான். போதும் என்று ஆகிவிட்டது. யாருக்காவது சுமந்து, எதற்காவது காத்து நின்றே காலம் போய்விட்டது, இனி உடம்பில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் குழாயில் வருவதும் அந்த அணைத் தண்ணீர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காய்ச்சி ஆற வைத்துக் கேனில் ஊற்றி எடுத்துப் போனேன்.

“ஆத்தூர்லருந்து கொண்டாந்தேங்க்கா” என்றேன்.

அக்கா மறுபேச்சில்லாமல் டம்ளர் டம்ளராகக் குடித்தாள். எனக்கு உயிர் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“பஸ்ஸுல கூட்டமாடி?”

“ஆமாக்கா.”

“ஏற முடியலையாக்கும்.”

நான் கேன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“விடு. அப்பல்லாம் கண்டக்டரு தண்ணிக் கேன ஏத்தவே மாட்டேன்னுட்டா நானும் கீழ கொட்டிட்டு வெறுங்கேனோடதான் ஏறுவேன். இங்க திண்டுக்கல்லு பேகம்பூர்ல எறங்கி, ஒரு பாய் வீட்டுக் கெணத்துல ரொப்பிக்கிட்டு வருவேன். பாதி நாளு அந்தத் தண்ணிதான். உம் மாமியா அதுலயும் பருப்பு வெரசா வேகுதுன்னுச்சு.”

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா? வெறுங்கையோடவே வந்திருக்கலாமே, எதுக்கு அம்புட்டுப் பாடு?”

“வெறுங்கையோட வந்தா உம் மாமியா உன்னயல்ல வையும்.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

“டாக்டரம்மா வர்ற நேரம்டி, இன்னுங் கொஞ்சம் ஊத்து” என்று அக்கா டம்ளரை நீட்டினாள்.