எட்டாவது கால்

என் சிலந்தியைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு என் வீட்டில் காபி கிடையாது. வாசலிலேயே சொல்லிவிடுவேன். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் பழுப்பு ரோமம், அசைவதற்கே அலுத்துக்கொள்ளும் சுபாவம். டாரன்டுலா என்பார்கள். என்னைக் கேட்டால் கல்கத்தா லேக் கார்டன்ஸிலேயே அழகி அவள்தான்.

சால்ட் லேக் ஆபீசில் என்னுடன் வேலை பார்த்தவர் ஊர் மாறிப் போகும்போது, தான் வளர்த்த சிலந்திகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இவளை யாரும் எடுக்கவில்லை. இவளுக்கு ஏழு கால்தான். "நல்லா கவனிச்சா, அடுத்து தோல் உரிக்கும்போது கால் முளைச்சாலும் முளைக்கும்" என்றார். முளைக்க வைத்துக் காட்டுகிறேன் என்று வீம்புக்கு வாங்கி வந்தேன். வேளை தவறாமல் பூச்சி போட்டேன், தண்ணீர் மாற்றினேன். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப அவளுடைய கண்ணாடிப் பெட்டியை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அவள் தோலை உரிக்கிற வழியாக இல்லை.

துர்கா பூஜைக்கு முன்னால் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தாள். பெட்டியைப் பார்த்ததும், "கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை வளக்கிற சாமானாட்டி இது?" என்றாள். அது இருக்கும் அறையில் தூங்க மாட்டேன் என்று ஹாலில் பாயை விரித்துக்கொண்டாள்.

ஒரு மதியம் ஆபீசுக்கு அவளிடமிருந்து போன்.

"ஏட்டி, உன் பூச்சி செத்துப்போச்சு. மல்லாக்கக் கெடக்கு. மொறத்துல அள்ளி வெளிய போட்டுரட்டுமா?"

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சாகிற சிலந்தி காலைச் சுருட்டிக்கொண்டு குப்புறக் கிடக்கும். மல்லாந்து கிடந்தால் தோல் உரிக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அது பச்சை உடம்பு, விரல் பட்டாலே உயிர் போய்விடும்.

"தொட்டுராதம்மா! அவ சாகல, தோல் உரிக்கா. பிரசவம்னு நெனச்சுக்கோ. நான் வாரது வரைக்கும் கிட்ட யாரையும் விடாத."

"பிரசவமா?" என்றாள். குரலே மாறிவிட்டது. போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. கரப்பானுக்கு மருந்து அடிக்க அன்று ஆளை வரச் சொல்லியிருந்தார் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள்; மாஷிமா, அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவேன். அந்த மருந்துக்குக் கரப்பான் என்ன, சிலந்தி என்ன. அம்மாவுக்கு வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது, மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. பூஜைக் கூட்டத்தில் பஸ் நகரவும் இல்லை. கல்கத்தாவில் பந்தல் கட்டும் அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கீழ்ப்படியிலேயே மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. மேலே ஓடினேன். என் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அடியில் இருந்த இடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தது. தள்ளித் திறந்தேன். உள்ளே ஃபேன் ஓடவில்லை, பேச்சு இல்லை. பெட்டிக்கு எதிரே அம்மாவும் மாஷிமாவும் வியர்த்து வழிய அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்" என்று மாஷிமா வங்காளத்தில் சொன்னார். "தன் வயிற்றைக் காட்டினாள், பெட்டியைக் காட்டினாள். நானும் இரண்டு பெற்றவள், எனக்குப் புரியாதா? மேலே அடிக்க வேண்டாம் என்று ஆளை அனுப்பிவிட்டேன்."

அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "ஏட்டி, ரெண்டாயிட்டு பாரு!" என்றாள்.

ஒன்று, முழு உருவத்தோடு கழற்றிப் போட்ட பழைய தோல். பக்கத்தில் அவள், புதுப் பட்டு உடுத்தியவள் போல மினுமினுப்பாக நிமிர்ந்து நின்றாள். அம்மா பெட்டியைத் தொடாமல் விரலை நீட்டிக் கால்களை எண்ணினாள். எட்டாவது மெலிசாக, குட்டையாக, வெளிறிப் போய் இருந்தது. ஆனாலும் கால். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் எந்தச் சான்றிதழ் வாங்கியபோதும் இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஏழு காலோட வந்தவளுக்கு எட்டாம் காலு மொளைச்சிருக்கு. வளத்தது யாருங்கிய? நம்ம பிள்ளை!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு ஹாலில் கிடந்த பாயைச் சுருட்டி என் அறைக்குத் தூக்கி வந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே விரித்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"பச்ச ஒடம்புக்காரிய தனியா விடக் கூடாதுட்டி" என்றாள்.