அத்தையின் துபாய்

என் அத்தை இரண்டு வருடம் துபாயில் நர்ஸாக இருந்தார் என்று ஒன்பது வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல், கீரனூரில் எங்கள் தெரு முழுவதும் அதைப் பெருமையாகச் சொல்லியும் வந்தேன். உண்மையில் அத்தை இருந்தது, எங்கள் ஊரிலிருந்து தினமும் ஆட்கள் பஸ் ஏறி வேலைக்குப் போய்வரும் திருச்சியில்தான். முதலில் ஜெயிலில், பிறகு போதையிலிருந்து மீட்கும் ஒரு மையத்தில்.

அவர் அப்பாவின் தங்கை. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது. வலிக்காகப் போட்ட ஊசி, வலி போன பிறகும் வேண்டியிருந்தது. நோயாளிகளுக்குப் போட்டதாக எழுதிவிட்டு மருந்தைத் தனக்கே போட்டுக்கொண்டார். ஒருநாள் பிடிபட்டார். இதெல்லாம் பின்னாளில் அத்தையே என்னிடம் சொன்னது.

எனக்கு அப்போது சொல்லப்பட்டது துபாய் மட்டும்தான். திரும்பி வந்தபோது அத்தை கையில் பெட்டி இல்லை, செண்ட் வாசனையும் இல்லை. அம்மா அவசரமாகக் கடைவீதிக்குப் போய் ஒரு சாக்லேட் டப்பா வாங்கி வந்து, அத்தை கொண்டு வந்தது என்று கொடுத்தார். அடியில் எங்கள் ஊர் மளிகைக் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நம் ஊர்க் கடைக்குத் துபாயிலும் ஒரு கிளை இருக்கிறது போலும் என்று மெச்சிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் அத்தை வீட்டிலேயே இருந்தார். பழைய நர்ஸிங் புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தார். நான்தான் அவருடைய நோயாளி. நல்ல காலுக்கு மாவுக்கட்டு போடுவார், நல்ல கையில் நாடி பார்ப்பார், பிரஷர் பார்க்கும் பட்டையை என் சுண்டைக்காய்க் கையில் இரண்டு சுற்று சுற்றுவார். நான் ஒருநாளில் மூன்று முறை செத்துப் பிழைப்பேன். ரத்தாகியிருந்த அவருடைய நர்ஸ் பதிவு பல மனுக்களுக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. ஆனால் வேலைதான் கிடைக்கவில்லை. கடைசியில் விராலிமலைப் பக்கம் முதியோர் இல்லம் நடத்திய ஒரு டாக்டரம்மா, நேரில் வரச் சொன்னார்.

அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடை. அத்தையின் சான்றிதழ்களுக்கெல்லாம் அவரே நகல் எடுத்து ஃபைலில் அடுக்கினார். புறப்படும் அன்று காலை, அதிலிருந்து ஒரு காகிதத்தை மட்டும் உருவி அலமாரியில் வைத்தார். அத்தை போய் அதை எடுத்து மறுபடி ஃபைலில் வைத்தார்.

“இத எதுக்குத்தா காட்டுற? அவங்களா கேட்டாப் பாத்துக்கலாம்ல.”

“கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேண்ணே.”

அது கோர்ட்டுத் தீர்ப்பு. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஃபைலிலேயே அதிக முத்திரை குத்தியிருந்தது அந்தக் காகிதத்தில்தான் என்பதால் அதுதான் உசத்தியான சான்றிதழ் என்று முடிவு கட்டி, அத்தை பக்கம் சேர்ந்துகொண்டேன்.

அத்தையைத் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். அப்பாவால் அன்று கடையை விட முடியவில்லை. அதனால் காவலுக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு மட்டும் அது ஜன்னலோர சீட்டோடு கூடிய ஓர் உல்லாசப் பயணம். வழியில் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு நிதானமாக ரோட்டைக் கடக்க, டிரைவர் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தார். நான் கைதட்டினேன். அத்தை ஃபைலை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்திருந்தார்.

டாக்டரம்மா என்னையும் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர், முத்திரைக் காகிதத்தில் வெகுநேரம் நின்றார். நான் எதிர்பார்த்ததுதான்.

“எட்டு மாசம் ஜெயில்ல இருந்திருக்கீங்க.”

“ஆமாங்க டாக்டர்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்து அத்தை ஏன் தன்னையே குறைத்துச் சொல்லிக்கொள்ள வேண்டும்? எழுந்து நின்றேன்.

“அவங்க சும்மா சொல்றாங்க டாக்டர். எங்க அத்தை துபாய்ல நர்ஸா இருந்தாங்க. சாக்லேட்டுகூட வாங்கிட்டு வந்தாங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அத்தையின் முகம் சிவந்துபோயிற்று. பிறகு, அந்த அறையில் வேறு யாருமே இல்லாதது போல, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நான் துபாய்க்குப் போகல கண்ணு. திருச்சி ஜெயில்லதான் இருந்தேன். நோயாளிகளுக்கு வச்சிருந்த ஊசி மருந்தத் திருடி எனக்கே போட்டுக்கிட்டேன். அதுக்குத்தான்.”

நான் யோசித்துப் பார்த்தேன். ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள் நான். ஒருவர் ஊசியைத் திருடித் தனக்கே குத்திக்கொண்டால் அதுவே போதுமான தண்டனை இல்லையா? அதற்கு மேல் ஜெயில் எதற்கு? இதை அப்படியே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் சிரித்தார். கண்ணில் நீர் வழிய அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு டாக்டரம்மா நிபந்தனைகளைச் சொன்னார். மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். போதை மீட்பு மையத்துக்குப் போவதை நிறுத்தக் கூடாது. மருந்து பீரோவின் சாவி இன்னொரு நர்ஸிடம்தான் இருக்கும்.

“சாவி வேணாங்க டாக்டர். நானா வந்து கேட்டாக்கூடக் குடுக்காதீங்க” என்றார் அத்தை.

“திங்கக்கிழமை வந்துருங்க” என்றார் டாக்டரம்மா.

திரும்பும் பஸ்ஸில் நான் உர்ரென்று இருந்தேன். நான் வகுப்பு லீடர். சாக்பீஸ் அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. சாவி தராத வேலை என்ன வேலை? அத்தையோ முன் சீட்டில் இருந்த குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டும், யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டும் வந்தார். வழியில் ஆவூரில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கி, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தார்.

“துபாய் இல்லங்கிறத யார்ட்டயும் சொல்லக் கூடாதா அத்தை?”

அத்தை இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தார். “சொல்லு. ஒனக்கு யார்ட்ட சொல்லணுமோ சொல்லிக்க.”

வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டதும் தங்கையின் தலையில் கை வைத்தார். பிறகு கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து ஓடினார். அம்மா கேசரி கிண்டினார். நான் தட்டில் இருந்ததை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

வீடு வீடாகப் போனேன். அத்தைக்கு வேலை கிடைத்ததை முதலில் சொன்னேன். அவர் இருந்தது துபாய் இல்லை, திருச்சி ஜெயில் என்று அடுத்துச் சொன்னேன். ஆனாலும் மருந்து பீரோ சாவியைத் தர மாட்டார்களாம் என்று கடைசியில் வருத்தத்தோடு சொன்னேன். இஸ்திரி போடும் அக்கா தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. “வேல கெடச்சிருச்சுல்ல, அது போதுந்தா” என்றார். எதிர் வீட்டுப் பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை வந்து தனக்குப் பிரஷர் பார்க்க அத்தைக்கு நேரமிருக்குமா என்று கேட்டு வரச் சொன்னார். மாவு மில்காரர் என் கையில் இரண்டு முறுக்கு வைத்தார். ஜெயிலா, எதற்கு ஜெயில், ஏன் சாவி இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்கிறேன், சரியாகக் காதில்கூட வாங்கவில்லையே இவர்கள் என்று நினைத்துக்கொண்டே முறுக்கைக் கடித்தேன். இத்தனைக்கும், ஒவ்வொரு முறை நான் அந்த வழியாகப் போகும்போதும் கூப்பிட்டு நிறுத்தி, துபாயில் வெயில் எப்படியாம், அத்தை போன் பண்ணினாரா என்று இரண்டு வருடமாக விசாரித்தவர்கள் இவர்களேதான்.